மூன்றாவது வரியில் சிவப்புக் கோடு

குபெர்டினோவில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினான். டெக்சாஸ் பக்கம் பிளானோவில் ஒரு கல்யாணத்தில் நான் பாடிய பாட்டின் வீடியோவைத் தன் ஆப்பில் போட்டு, சுருதி எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்று கோடு இழுத்துப் பார்த்திருக்கிறான். முழுக்கப் பச்சை. மூன்றாவது வரியில் மட்டும் சிவப்பு. "ஆன்ட்டி, ஓவரால் செம. தேர்ட் லைன் மட்டும் ஃபிளாட் ஆயிடுச்சு. நான் கரெக்ட் பண்ணி ரீபோஸ்ட் பண்ணட்டா?" என்று கேட்டிருந்தான். மரியாதையான பையன். மரியாதையாகத்தான் கத்தியை வைத்தான்.

அவனும் அவனைப் போன்ற பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும், ஹாலிலும் ஹோட்டலிலும், சாப்பிடுகிறவர்கள் முன்னால் நின்று பாடுகிற பிள்ளைகள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்றும் அவனே கேட்டிருந்தான். இரண்டுக்கும் சேர்த்து இதுதான் பதில். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நான் ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். அனுப்புவதற்கு முன் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன். இன்னொரு முறை படித்தால் அனுப்பவே மாட்டேன் என்ற பயத்தில் அனுப்புகிறேன்.

நான் தொழிலாகப் பாடியது ரஷ்ய ரொமான்ஸ் பாட்டுகள். ரொமான்ஸ் என்றதும் கண்ணடிக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பியானோ இருக்க, ஒருவர் நின்றுகொண்டு, பிரிந்து போனவரைப் பற்றியோ போகப்போகிறவரைப் பற்றியோ பாடும் பாட்டுக்கு ரஷ்யர்கள் வைத்திருக்கும் பெயர் அது. எனக்குத் தெரிந்தவரை அதில் யாரும் வந்து சேர்ந்ததே இல்லை. கேட்கிறவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அழுவார்கள். அழுது முடித்தபின் முன்பைவிட நன்றாகச் சாப்பிடுவார்கள். ஹோட்டல்காரர் எனக்குச் சம்பளம் கொடுத்தது அதற்காகத்தான்.

பவானிப் பக்கத்துப் பெண் இந்தத் தொழிலுக்கு எப்படிப் போனாள் என்று நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷனில், ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக்கொண்டு கூடும் பொட்லக்குக்குப் பொட்லக் ஆராய்ச்சி நடந்தது. விஷயம் சின்னது. ஊரில் கோவில் திருவிழாக் கச்சேரிகளில் பாடிக்கொண்டிருந்தேன். மாமா பையனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. கிரீன் கார்டு வந்ததும் எனக்கும் ஒரு வேலை தேடினோம். என் படிப்புக்குக் கிடைத்தது, அரை மணி நேரம் தள்ளி ஒரு ரஷ்ய ஹோட்டலில் கோட்டு வாங்கி மாட்டும் வேலை.

ரஷ்யர்களுக்குக் கோட்டோடு சாப்பாட்டு மேசைக்குப் போவது நாம் செருப்போடு பூஜையறைக்குள் போவது மாதிரி. வாசலிலேயே கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். கோட்டின் கழுத்துப் பக்கம் கொக்கியில் மாட்ட ஒரு சின்னத் துணி வளையம் இருக்கும். அது அறுந்து கிடந்தால், கோட்டு வாங்குகிறவள் திட்டலாம். அது அவளுடைய உரிமை. டாக்டரானாலும் வக்கீலானாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்கள். அமெரிக்காவில் எனக்குக் கிடைத்த முதல் அதிகாரம் அதுதான். நான் ரஷ்ய மொழியில் முதலில் கற்றுக்கொண்டதும் வசவுகள்தான்.

அங்கே வழக்கமாக வருகிறவர்களில் ஒருத்தி நீனா. அவள் கணவர் வீக்டருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வாயைத் திறந்து பேசமாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். பேச்சு நின்றால் பாட்டு. கோட்டைக் கழற்றும்போதே முனகிக்கொண்டு வருவாள், எப்போதும் ஒரே பாட்டு. வண்டி பூட்டியாகிவிட்டது. விளக்கை நான் அணைக்கமாட்டேன். போ, திரும்பிப் பார்க்காதே. உன் கையுறை ஒன்று மட்டும் என்னிடம் இருக்கட்டும். இவ்வளவுதான் பாட்டு. மூன்றாவது வரி, "போ, திரும்பிப் பார்க்காதே" என்பது, மேலே மேலே ஏற வேண்டும். நீனாவுக்கு அந்த உயரம் எட்டாது. ஏற வேண்டிய இடத்தில் படியில் கால் வழுக்கியவள் மாதிரி கீழே வந்துவிடுவாள். வந்துவிட்டு, அதுதான் சரி என்பது போல நிமிர்ந்து நிற்பாள்.

அவளிடமிருந்து அந்தப் பாட்டு எனக்கும் ஒட்டிக்கொண்டது. மெனு அட்டையின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கோட்டு அறையில் தனியாக இருக்கும்போது பாடுவேன். ஒருநாள் தன் கோட்டைத் தேடிக்கொண்டு வந்த பியானோக்காரர் நின்று முழுவதும் கேட்டார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"குரல் நன்றாக இருக்கிறது. மூன்றாவது வரியில் இந்தக் கொலையை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?" என்றார்.

கொலையைச் சரி செய்தார். வழக்கமாகப் பாடுகிற அம்மாள் ஃபுளோரிடாவுக்குக் குடிபோனபோது என்னைக் கொண்டுபோய் மேடையில் நிறுத்திவிட்டார். இவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் பெயரில் எழுத்துப் பிழை என்று ஃபோன் பண்ணுவார்.

பயந்த சுபாவம் உள்ளவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். என் முதல் நாளில் எந்த முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. பிரிவுப் பாட்டை ஒரு ஆளைப் பார்த்துப் பாடினால் பக்கத்தில் இருக்கும் அவர் மனைவி என்னைப் பார்க்கிறாள். அதனால் ஹாலின் கடைசியில் எரிந்த எக்ஸிட் போர்டைப் பார்த்தே பாடினேன். தீப்பிடித்தால் அந்தக் கதவு திறக்குமா என்ற யோசனையும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. இந்தியப் பெண் எவ்வளவு தூரத்தில் இருக்கும் காதலனைப் பார்த்துப் பாடுகிறாள், கண்ணில் என்ன தவிப்பு என்று. தவிப்பு நிஜம்தான். அந்தக் கதவுக்கு முன்னால் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பியானோக்காரர் எனக்குப் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. "மைக்கில் பொய் சொல்லாதே. பாட்டிலேயே தேவையான பொய் இருக்கிறது." இதை நீங்கள் எங்கேயாவது எழுதி ஒட்டிக்கொள்ளலாம். "நியூ ஜெர்சி, ஆர் யூ ரெடி?" என்று கத்துவதற்கு முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கையில் தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறவன் எதற்கும் ரெடி இல்லை.

நம் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்பதை நீங்களே யூகிக்கலாம். "ரஷ்யன் ஹோட்டல்ல பாடுறாங்களாமே" என்பதில் அந்த "ஆமே" வீட்டு வாசல்வரை நீளும். பிள்ளைகளை நீச்சல், செஸ், வயலின் என்று கார் ஓட்டியே வளர்த்த அம்மாக்கள், "நீங்க ப்ராப்பரா கத்துக்கிட்டீங்களா, இல்ல சும்மாவா?" என்று கேட்பார்கள். சும்மாதான் என்பேன். அவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். பிளானோவிலிருந்து விமான டிக்கெட்டோடு என்னை அழைத்த பிறகு அந்த வாசகம் மாறியது. "எங்க ஃபிரெண்டுதான், ரஷ்யன் சிங்கர்" என்றார்கள்.

பிளானோ கதைக்கு வருகிறேன். மூன்றாவது வரி அங்கேதான் இருக்கிறது.

வீக்டருக்கும் நீனாவுக்கும் ஒரே மகள், லேனா. பிளானோவில் வேலைக்குப் போனவள் அங்கே கார்த்தி என்ற பையனைப் பிடித்துக்கொண்டாள். கார்த்தியின் வீட்டார் நாமக்கல்லிலிருந்து வந்து டெக்சாஸில் நிலைத்தவர்கள். கல்யாணம் நிச்சயமாவதற்கு முந்தைய குளிர்காலத்தில் நீனா இறந்துபோனாள். மண்டபம், பூ, சாப்பாடு எதிலும் வீக்டருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பையன் வீட்டார் ஒரு எக்ஸெல் ஷீட்டில் முடித்துவிட்டார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்.

"நீனாவின் பாட்டை நீ வந்து பாட வேண்டும். அவள் அங்கே வர வேறு வழி இல்லை."

அவர் அத்தனை வார்த்தைகளைச் சேர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான். வருகிறேன் என்றேன். சொன்ன நிமிடத்திலிருந்து எனக்குத் தொண்டை கட்டப்போகிறது, விமானம் ரத்தாகப்போகிறது, புடவைக்கு ஊக்கு கிடைக்காமல் போகப்போகிறது என்று கவலை ஆரம்பித்தது. ஆனால் வர வேண்டிய கவலை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கார்த்தி ஃபோன் செய்தான்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன ஹெல்ப். பாடி முடிச்சதும் மைக்ல தமிழ்ல மீனிங் சொல்லிடுங்க. அம்மா கேட்டாங்க. நூறு வருஷம் சந்தோஷமா வாழ்கன்னு அர்த்தம்னு நான் ஆல்ரெடி சொல்லிட்டேன்."

"போ, திரும்பிப் பார்க்காதேங்கிறது உங்க வீட்ல வாழ்த்துங்களா தம்பி?"

"ஆன்ட்டி, அங்க யாருக்கு ரஷ்யன் தெரியப்போகுது?"

கவலைப்பட்டே பழகியவளுக்குக் கேள்வி தானாக வரும். "உங்க சொந்தத்துல ரஷ்யாவுக்குப் போய் டாக்டருக்குப் படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"சே, அப்படி யாரும்... ஒரு நிமிஷம். பெரியம்மா பையன். ஹூஸ்டன்ல இருக்கான்."

"அவரு மட்டுந்தானா?"

அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணுகிறான் போலிருந்தது. பிறகு மெதுவாக, "அவன் வைஃபும் அங்கதான் படிச்சாங்க. அப்புறம் சித்தப்பா பொண்ணு ஒருத்தி" என்றான்.

புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். நம்மவர்கள் கூடியிருக்கும் ஹாலில் பிரெஞ்சில் பொய் சொல்லலாம், ஜப்பானிய மொழியில்கூடத் துணிந்து பார்க்கலாம். ரஷ்ய மொழியில் முடியாது. எந்த மேசையிலாவது ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பார்.

கல்யாணம் காலையில் நல்லபடியாக முடிந்தது. மதியம் அதே ஹாலில் வரவேற்பும் சாப்பாடும். மேடையில் ஒரு பெரிய திரை. அதில் நிகழ்ச்சி நிரல் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் நடனத்துக்கும் கேக்குக்கும் நடுவில் "ரஷ்யன் சாங்" என்று ஒரு வரி. பெண் வீட்டுக்காரர்களுக்கு மொத்தமாகக் கிடைத்தது அந்த ஒரு வரிதான். வீக்டர் புதுக் கோட்டு சூட்டில் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் பந்தி பாதியில் இருக்கும்போது நியூ ஜெர்சியிலிருந்து வந்த ரஷ்யர்கள் மேசையைத் தட்டி ஒரே குரலில் கத்த ஆரம்பித்தார்கள். கார்த்தியின் அம்மா வசந்தாமணி பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த ஹூஸ்டன் டாக்டரைக் கேட்டார்.

"என்ன தம்பி சொல்றாங்க?"

"கசக்குதுன்னு சொல்றாங்க சித்தி" என்றார் டாக்டர். அதற்கு மேல் சொல்ல அவர் வாயில் ஜிலேபி இருந்தது.

சம்பந்தி வீட்டார் பந்தியில் உட்கார்ந்து கசக்கிறது என்று கத்தினால் நாமக்கல் அம்மா வேறு என்ன செய்வார்? நேராகச் சமையல்காரரிடம் போனார். "எதுலீங்க பாவக்காய் போட்டீங்க?" என்று சட்டி சட்டியாகத் திறந்து பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கல்யாணத்தில் அது அவர்கள் வழக்கம், வாழ்க்கை கசக்கிறது என்று சொன்னால் மணமக்கள் முத்தம் கொடுத்து இனிப்பாக்க வேண்டும் என்று விளக்கினேன். அதற்குள் மேடையில் இனிப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். நாமக்கல் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ரசத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள்.

வசந்தாமணிக்கு மூச்சு வாங்கியது. "அதுக்காவ கல்யாண வீட்ல கசக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லுவாங்களாக்கா?" என்றவர், திடீரென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க பாடப்போற பாட்டுல அப்படி ஒண்ணும் இல்லீங்களே? நூறு வருஷம் வாழ்கன்னு கார்த்தி சொன்னான்."

அவருக்குப் பின்னால் மேடையில் கார்த்தி மாலையோடு நின்று எனக்குக் கண்ணாலேயே கும்பிடு போட்டான். இந்தப் பக்கம் டாக்டர் ஜிலேபியை முடித்துவிட்டார். தூரத்தில் வீக்டர். பொய் சொன்னால் பாடலாம். பாடி முடித்து மைக்கில் பொய்யைச் சொன்ன மறு நிமிடம் ஒரு மேசை முழுக்க டாக்டர்கள் சிரிப்பார்கள். நீனாவின் பாட்டு அந்தக் குடும்பத்தில் ஜோக்காக நிலைத்துவிடும். ஆயுள் முழுக்க லேனா அந்த ஜோக்குக்குச் சிரிக்க வேண்டியிருக்கும்.

"இல்லீங்க. அது பிரிவுப் பாட்டு" என்றேன்.

"பிரிவா?"

"போ, திரும்பிப் பார்க்காதேன்னு வருங்க."

"ஆமா சித்தி" என்றார் டாக்டர். "எங்க ஹாஸ்டல் வார்டன் குடிச்சா இதைத்தான் பாடும்."

வசந்தாமணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். "கல்யாணத்துல ஒப்பாரி வேண்டாங்க்கா. தப்பா நினைச்சுக்காதீங்க. பேசினதைக் குடுத்தர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரை பார்க்கும் பையனிடம் போனார். "ரஷ்யன் சாங்" இருந்த இடத்தில் "கப்பிள் கேம்ஸ்" வந்தது.

வீக்டர் அதைப் படித்தார். பிறகு தன் மடியில் இருந்த நாப்கினை எடுத்து நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னிடம் வரவும் இல்லை, கேட்கவும் இல்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை போலிருந்தது.

எனக்கு வாசிக்க என்னோடு வந்திருந்த பியானோக்காரர் கீபோர்டின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். "பொய் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்கள்தானே சொல்லக் கூடாது என்றீர்கள்?"

"நீ கேட்பாய் என்று யாருக்குத் தெரியும்?"

ஒரு மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேடையில் கார்த்தியும் லேனாவும் முதுகோடு முதுகு உட்கார்ந்து செருப்பைத் தூக்கிக் காட்டி விளையாடினார்கள். யார் அதிகம் குறட்டை விடுவது என்பது கேள்வி. இது மங்கலம். எனக்குள் கோபம் வந்தது. கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது, கவலையைத்தான் தெரியும். கவலையில் ஒரு வசதி, அதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம்.

வசந்தாமணி கைகழுவும் இடத்தில் தனியாக நின்றார். பக்கத்தில் போய் நின்றேன்.

"பொண்ணை எப்பங்க ஒப்படைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"என்னதுங்க்கா?"

"பொண்ணு வீட்டார் பொண்ணைக் கையில பிடிச்சு ஒப்படைக்கிறது. ஷெட்யூல்ல காணமே, அதான் கேட்டேன்."

"அதெல்லாம் இங்க யாருங்க பாக்கறா? அவங்களும் கேக்கல."

"அவங்களுக்குக் கேக்கத் தெரியாதுங்க. நமக்குத் தெரியும். ஒப்படைக்காம கார்ல ஏத்திக் கூட்டிட்டுப் போனா ஊர்ல என்னங்க சொல்லுவாங்க? எனக்கு என்னமோ மனசே சரியில்ல."

அவர் முகத்தில் என் கவலை இறங்குவது தெரிந்தது. நான் நன்றாகப் பழக்கிய கவலை, போன இடத்தில் உடனே வேலை செய்யும். நாமக்கல்லிலிருந்து வந்திருந்த நாத்தனார்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒப்படைக்கிறதுன்னா அம்மாக்காரி அழுதுட்டே கையைப் பிடிச்சுக் குடுக்கணும். அந்தப் புள்ளைக்குத்தான் அம்மா இல்லையே. யாருங்க்கா குடுப்பா?"

"அதுக்குத்தான் அவங்கப்பா அந்தப் பாட்டைக் கேட்டாருங்க. அவங்கம்மா பாடற பாட்டு அது" என்றேன்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வசந்தாமணி அதை மூடவில்லை. மூட மறந்துவிட்டாரே என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு கவலை, நான் மூடினேன்.

"ஒப்படைக்கிறப்ப அழலாங்க. அதுல தப்பில்ல" என்றார் கடைசியில். "மண்டபத்துக்காரன் சாவி கேக்கறதுக்குள்ள பாடிருங்க."

பாட்டின் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. கேக்குக்கு முன்னால் ஒப்பாரியாக இருந்தது, வாசலுக்குப் பக்கத்தில் கல்யாணச் சீராக ஆகிவிட்டது. நிகழ்ச்சி நிரல் கொடுக்கும்போது என்ன பாடுவது என்று மட்டும் யோசிக்காதீர்கள், எங்கே பாடுவது என்று சண்டை போடுங்கள்.

வீடியோக்காரர் கிளம்பிவிட்டார். பந்திக்காரர்கள் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் கார் நின்றது. பியானோக்காரர் திட்டிக்கொண்டே வயரைத் திரும்பச் செருகினார். கிளம்பும் நேரத்தில் வீக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். ரஷ்யர்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்தார்கள். பயணம் புறப்படும் முன் ஒரு நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ராகு காலம் முடியக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாமக்கல்காரர்களும் மரியாதையாக உட்கார்ந்தார்கள். அத்தனை பேர் ஒன்றாக வாயை மூடியது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான். நான் ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் சொன்னேன், உள்ளபடியே. பிறகு வீக்டர் எழுந்து லேனாவின் கையைப் பிடித்து வசந்தாமணியின் கையில் வைத்தார். மணமக்கள் கதவுப் பக்கம் நடந்தார்கள். நான் பாட ஆரம்பித்தேன்.

கதவுக்கு மேல் எக்ஸிட் போர்டு எரிந்துகொண்டிருந்தது. பழக்கத்தில் அதைத்தான் பார்த்தேன். அதற்கு நேர் கீழே லேனாவின் முதுகு. வண்டி பூட்டியாகிவிட்டது. விளக்கை நான் அணைக்கமாட்டேன். மூன்றாவது வரி வந்தது. மேலே ஏற மூச்சு எடுத்தாகிவிட்டது, உயரமும் கைவசம் இருந்தது. வீக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏறவில்லை. நீனா வழுக்குகிற அதே படியில் வழுக்கி, அவள் இறங்குகிற இடத்துக்கு இறங்கினேன். பியானோ ஒரு கணம் மேலேயே நின்றது. பிறகு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவர் மாதிரி, முனகிக்கொண்டே என் பின்னால் இறங்கி வந்தது.

போ, திரும்பிப் பார்க்காதே என்று நான் பாடினேன். லேனா திரும்பிப் பார்த்தாள்.

வீக்டர் சிரித்துவிட்டார். சத்தமாக, தோள் குலுங்க. கண்ணைத் துடைத்துக்கொண்டே "மோசம், ரொம்ப மோசம்" என்றார் என்னிடம். இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை.

வசந்தாமணி லேனாவைக் கட்டிக்கொண்டு தேம்பினார். தேம்பல் நின்றதும் முதல் வேலையாக என்னிடம் வந்தார். "இதை ஏங்க்கா சபையில பாடல? வீடியோக்காரன் போயிட்டானே" என்றார். பியானோக்காரர், "அவளைத் திருத்தியதெல்லாம் வீண்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் இப்போது ஓய்வில் இருக்கிறார், நானும்தான். எங்கள் ஹோட்டல் இருந்த இடத்தில் குழந்தைகள் குதித்து விளையாடும் கூடம் வந்துவிட்டது. அங்கே யாரும் கோட்டைக் கழற்றிக் கொடுப்பதில்லை, தரையில் வீசுகிறார்கள்.

தம்பி, நீ உன் ஆப்பில் போட்டுப் பார்த்த வீடியோ, ஹூஸ்டன் டாக்டர் தன் ஃபோனில் எடுத்தது. அதற்குக் கீழே, "மூன்றாவது வரியில் சுருதி கொஞ்சம் விட்டுவிட்டது, ஆனாலும் நல்ல முயற்சி" என்று அவரே எழுதியிருக்கிறார். உன் ஆப்புக்கும் அவருக்கும் ஒரே காது. சிவப்புக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது, உன் ஆப்பைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதைத் திருத்திப் போடாதே. வீக்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவைத்தான் போடுகிறார் என்று லேனா சொன்னாள். அந்த வரியைப் பச்சையாக்கிவிட்டால், பாடுவது யார் என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும்.